என்ரிகோ பெர்லிங்குவேர்: கடைசி நாலு வருஷத்த ஏன் யாரும் பேசறதில்ல?

சிவப்புமை:

இத்தாலி கம்யூனிஸ்ட் கட்சி (பி.சி.ஐ) தலைவர் பெர்லிங்குவேர் பத்தி யார் எழுதினாலும் மூணே விஷயம்தான் வருது, ஒண்ணு யூரோ கம்யூனிசம் (மாஸ்கோ சொல்படி போகாம தேர்தல் ஜனநாயக வழில போற கம்யூனிசம்), இன்னொண்ணு வரலாற்றுச் சமரசம், அப்புறம் மோரோ கொலை, அதோட கதைய முடிச்சிடறாங்க. 1980லேருந்து 84 வரைக்கும் அவர் பண்ணின அரசியல ரெண்டு வரில தாண்டிப் போயிடறாங்க. எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அந்த நாலு வருஷத்துலதான் அவர் யாருன்னே தெரியுதுன்னு நான் நினைக்கிறேன், அத பேசத்தான் இந்த இழை.

முதல்ல புதுசா படிக்கிறவங்களுக்காக கொஞ்சம். 1922 மே 25, சார்தீனியா தீவுல சாஸ்ஸாரி ஊர்ல பொறந்தவர், பிரபு வம்சம். அப்பா மாரியோ வக்கீல், முசோலினிய எதிர்த்தவர், சோசலிஸ்ட். பின்னால கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி சார்புல பிரதமரா வந்த பிரான்செஸ்கோ கொஸ்ஸீகா இவருக்கு சொந்தக்காரர், இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். 1943ல கட்சில சேர்ந்தார், 44 ஜனவரில சாஸ்ஸாரில ரொட்டி கேட்டு ஜனங்க கலகம் பண்ணினப்ப புடிச்சு உள்ள போட்டாங்க, மூணு மாசத்துக்கும் மேல ஜெயில். வெளிய வந்து அப்போதைய கட்சித் தலைவர் தோல்யாத்திய சந்திச்சு, இளைஞர் அமைப்பு பொறுப்புக்கு வந்து, அப்படியே கட்சி ஆபீஸ்லயே வளர்ந்தவர். மேடைல முழங்கற ஆள் கிடையாது, மெல்லிசா, கூச்ச சுபாவமா, கையில பேப்பர வச்சுக்கிட்டு படிக்கிற மாதிரி பேசுவாராம். 1969ல துணைச் செயலாளர், 1972 மார்ச்சுல மிலான் மாநாட்டுல பொதுச்செயலாளர். அப்ப கட்சிக்கு 27 சதவீத ஓட்டு. நாலே வருஷத்துல 34.4. மேற்கு ஐரோப்பாவுல வேற எந்த கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த அளவு பக்கத்துல வந்ததில்ல.

வைகைக்கரை:

நல்ல இழை தோழர். ஆனா 69ஐ விட்டுட்டீங்களே. அந்த வருஷம் ஜூன்ல மாஸ்கோல உலக கம்யூனிஸ்ட் கட்சிகள் கூடினப்ப இத்தாலி குழுவுக்கு இவர்தான் தலைமை. பிராக் நகரத்துக்குள்ள சோவியத் டாங்கி போய் ஒரு வருஷம் கூட ஆகல. சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் உக்காந்திருக்கிற சபையில அத கண்டிச்சு பேசிட்டு, கூட்டறிக்கைல ஒரு பகுதிக்கு மட்டும் கையெழுத்து போட்டுட்டு மத்ததுல போட மாட்டேன்னுட்டு வந்தார். அப்ப அவர் கட்சிக்கே தலைவர் இல்ல. கூச்ச சுபாவம்னு சொன்னீங்க, சரி, ஆனா முதுகெலும்பு எவ்ளோ நேரா இருந்துச்சுன்னும் சேர்த்து சொல்லணும்.

புதுவாசகி:

வரலாற்றுச் சமரசம்னா என்ன, யாராச்சும் எளிமையா சொல்ல முடியுமா? கம்யூனிஸ்ட் கட்சி எதுக்கு வாத்திகன் ஆதரவு இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோட போய் கூட்டு சேரணும்? படிக்கிற இடத்துல எல்லாம் பேர் மட்டும் வருது, காரணம் புரியல.

வைகைக்கரை:

சிலியிலேருந்து ஆரம்பிச்சா புரிஞ்சிடும். 1973 செப்டம்பர் 11 சால்வதோர் அயெந்தே ஆட்சிய ராணுவம் கவுத்துச்சு. தேர்தல்ல ஜெயிச்சு வந்த இடதுசாரி ஜனாதிபதி, அவர் மாளிகை மேலயே குண்டு. அது நடந்து சில வாரத்துல பெர்லிங்குவேர் கட்சி வாரப் பத்திரிகை ரினாஷித்தால மூணு கட்டுரை எழுதறார். இடதுசாரிகளுக்கு 51 சதவீதம் கிடைச்சா கூட அத மட்டும் நம்பி நாட்ட மாத்திட முடியாது, மீதி பாதி ஜனம் பயந்து போய் வலதுசாரி பக்கம் ஒண்ணா திரண்டா நம்மையும் நசுக்கிடுவாங்க, அதனால கம்யூனிஸ்ட், சோசலிஸ்ட், கத்தோலிக்க ஜனங்க மூணு பேரும் ஒண்ணா சேரணும், இதான் சாரம். இத்தாலில அது வெறும் கற்பனை பயம் இல்லங்க. 1969 டிசம்பர்ல மிலான் பியாத்ஸா ஃபொந்தானா வங்கில நவ-பாசிஸ்டுங்க குண்டு வச்சு 17 பேர் செத்தாங்க, 1970 டிசம்பர்ல இளவரசர் போர்கேஸே தலைமைல ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயற்சியே நடந்துச்சு. கிரீஸ்ல கர்னல்கள் ஆட்சி, ஸ்பெயின்ல பிராங்கோ இன்னும் உயிரோட. சுத்தி பாத்தா எல்லாப் பக்கமும் ராணுவ பூட்ஸ்.

இன்னொண்ணு, இத்தாலில ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போற தொழிலாளியும் விவசாயியும் லட்சக்கணக்குல இருந்தாங்க. பெர்லிங்குவேர் மனைவி லெத்திஸியாவே நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர்தான். அவங்கள எல்லாம் எதிரி முகாம்னு விட்டுட முடியாதுங்கறது அவர் வீட்டுக்குள்ளயே தெரிஞ்ச உண்மை.

மில்கேட்:

காரணம் புரியுது, விளைவ பேசுவோம். 76 ஜூன் தேர்தல், பி.சி.ஐக்கு 34.4, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 38.7. ஒண்ணே கால் கோடி பேர் கம்யூனிஸ்டுக்கு ஓட்டு போட்டிருக்கான். அதுக்கு கிடைச்சது என்ன? கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர் அந்த்ரேயோத்தியோட மந்திரிசபை, ஒரு கம்யூனிஸ்ட் மந்திரி கூட கிடையாது, இவங்க நம்பிக்கை வாக்கெடுப்புல நடுநிலை வகிச்சு அத காப்பாத்தினாங்க. வெளியிலிருந்து ஆதரவுன்னா எப்பவும் இப்படித்தான், கெட்ட பேர் பாதி நம்மளுக்கு, அதிகாரம் முழுக்க அவனுக்கு. 77 ஜனவரில ரோம் எலிசேயோ தியேட்டர்ல அறிவாளிங்கள கூட்டி வச்சு சிக்கனம்தான் வழின்னு பேசினார் பாருங்க, அத நான் எத்தனை தடவ படிச்சாலும் மனசு ஒத்துக்க மாட்டேங்குது. நுகர்வுப் பேராசைய மாத்தணும், வீண் செலவு பண்ற சமூகத்த மாத்தணும்னு அவர் சொன்னதுல பெரிய சிந்தனை இருக்கு, இல்லேங்கல. ஆனா தொழிற்சாலைல நிக்கிறவன் காதுல அது எப்படி விழும்? விலைவாசி ஏறிக்கிட்டு கிடக்கு, தலைவர் வந்து வயித்த கட்டுன்னு சொல்றார்னுதான் விழும். மொதலாளி மாறல, மந்திரி மாறல, சிக்கனம் மட்டும் வந்துடுச்சு.

கடலோரன்:

மில்கேட் சொல்றதோட இதையும் சேத்துக்கோங்க, 1977ல ஒரு தலைமுறை இளைஞர்களையே கட்சி இழந்துச்சு. பிப்ரவரில ரோம் பல்கலைக்கழகத்துல பேச போன சி.ஜி.ஐ.எல் தொழிற்சங்கத் தலைவர் லூச்சானோ லாமாவ மாணவங்க அடிச்சு விரட்டாத குறையா வெளிய அனுப்பினாங்க. மார்ச்சுல போலோன்யா, கம்யூனிஸ்ட் மேயர் இருக்கிற ஊர், கட்சியோட கோட்டை, அங்க பிரான்செஸ்கோ லோருஸ்ஸோங்கற மாணவன் காரபினியேரி போலீஸ் குண்டுல சாகறான், அன்னைக்கே தெருவுல கலவரம், கட்சி ஒழுங்கு பக்கம் போய் நின்னுச்சு. வேலையில்லாத, எதிர்காலம் தெரியாத பசங்களுக்கு பதில் சொல்ல பெர்லிங்குவேர்கிட்ட வார்த்தையே இல்லாம போச்சு. அந்த பசங்கள்ல சில பேர் சிவப்பு பிரிகேட் மாதிரி ஆயுதம் தூக்கின தீவிர இடதுசாரி கும்பல்கள்ல போய் சேர்ந்தாங்கன்னு நமக்கு தெரியும்.

சிவப்புமை:

ரெண்டு பேர் சொல்றதையும் மறுக்க மாட்டேன். ஆனா அந்த மூணு வருஷத்துல எதுவுமே நடக்கலன்னு யாரும் நினைச்சிட கூடாது. 1978ல மட்டும் பாருங்க, மே மாசம் மனநோயாளிகள பூட்டி வைக்கிற விடுதிகள மூடற பசாலியா சட்டம், அதே மாசம் கருக்கலைப்பு உரிமைக்கான 194ஆம் எண் சட்டம், டிசம்பர்ல எல்லாருக்கும் இலவச தேசிய சுகாதார சேவை. இத்தாலிக்காரங்க இன்னைக்கும் ஆஸ்பத்திரிக்கு போனா அந்த சட்டத்தோட நிழல்லதான் போறாங்க. இதெல்லாம் கம்யூனிஸ்ட் ஓட்டு இல்லாம அந்த பார்லிமென்ட்டுல நகர்ந்திருக்காது. 74லயே விவாகரத்து சட்டத்த ஒழிக்க கத்தோலிக்க பழமைவாதிகள் வாக்கெடுப்பு கொண்டு வந்தப்ப 59.3 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும்னு ஓட்டு போட்டாங்க, ஜனங்க தலைவர்கள விட முன்னாடி போய்க்கிட்டிருந்த காலம் அது.

அப்புறம் மோரோ. 1978 மார்ச் 16 காலைல, கம்யூனிஸ்டுங்க 1947க்கு அப்புறம் முதல் தடவையா அரசுக்கு ஆதரவாவே ஓட்டு போடப் போற அதே நாள், ரோம்ல வியா ஃபானில சிவப்பு பிரிகேட் கும்பல் அஞ்சு காவலர்கள சுட்டுக் கொன்னுட்டு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆல்டோ மோரோவ தூக்கிட்டு போனாங்க. இந்த கூட்ட அந்தப் பக்கத்துலேருந்து பொறுமையா கட்டினவரே அவர்தான். 55 நாள். மே 9 வியா காயெதானில ஒரு சிவப்பு ரெனால்ட் காரோட பின்பக்கத்துல உடல் கிடந்துச்சு, பி.சி.ஐ தலைமையகம் ஒரு பக்கம், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஆபீஸ் இன்னொரு பக்கம், ரெண்டுக்கும் கூப்பிடு தூரம்.

புதுவாசகி:

அந்த 55 நாள்ல பேச்சுவார்த்தை நடத்தி அவர காப்பாத்தியிருக்கலாம் இல்லையா? பெர்லிங்குவேர் வேண்டாம்னு சொன்னாராமே, அது கல்நெஞ்சம் இல்லையா?

வைகைக்கரை:

கேள்வி நியாயமானது மேடம். மோரோ உள்ளேயிருந்து எழுதின கடிதங்கள படிச்சா யாருக்கும் தாங்காது. சோசலிஸ்ட் தலைவர் பெத்தினோ கிராக்ஸி பேசி மீட்கலாம்னார், போப் ஆறாம் பவுல் பகிரங்கமா கெஞ்சினார். பெர்லிங்குவேரும் அரசும் அசையல. அவர் நிலைல நின்னு பாத்தா, தங்களையும் கம்யூனிஸ்ட்னு சொல்லிக்கிட்டு கொலை பண்ற கும்பல், அவங்கள ஒரு தரப்பா ஏத்துக்கிட்டா அஞ்சு காவலர் குடும்பத்துக்கு என்ன பதில், குடியரசுக்கு என்ன மரியாதை. பி.சி.ஐ கொஞ்சம் வளைஞ்சிருந்தா நாடு முழுக்க பாருங்கய்யா எல்லாம் ஒரே கூட்டம்தான்னு சொல்லியிருக்கும். அந்த உறுதிக்கு கட்சிக்காரங்களும் விலை கொடுத்தாங்க, 79 ஜனவரி 24 ஜெனோவால இத்தால்சீதர் எஃகு ஆலைத் தொழிலாளி, கட்சி உறுப்பினர் குயிதோ ரோஸ்ஸாவ சிவப்பு பிரிகேட் சுட்டுக் கொன்னுச்சு, அவர் பண்ணினதெல்லாம் ஆலைக்குள்ள அவங்க துண்டறிக்கை பரப்பின ஆள அடையாளம் காட்டினது. எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது. ஆனா மோரோ குடும்பம் அத மன்னிக்கணும்னு நான் எதிர்பாக்க மாட்டேன்.

மில்கேட்:

மோரோ செத்தாச்சு, அந்தப் பக்கம் பேசறதுக்கு ஆளில்ல, 79 ஜனவரில கூட்டணி ஆதரவ விலக்கினாங்க, ஜூன்ல தேர்தல், 34லேருந்து 30.4க்கு விழுந்தாச்சு. தொழிலாளிங்க ஊர்கள்லயே ஓட்டு போச்சு. சிவப்புமை தோழர், இதுக்கப்புறம்தானே உங்க நாலு வருஷம், சொல்லுங்க.

சிவப்புமை:

சொல்றேன். 1980 செப்டம்பர், டூரின்ல ஃபியட் கம்பெனி 14 ஆயிரம் பேருக்கு மேல வேலைநீக்கம்னு அறிவிக்கிறாங்க. மிராஃபியோரி ஆலை வாசல மறிச்சு தொழிலாளிங்க உக்காந்துட்டாங்க. செப்டம்பர் 26 பெர்லிங்குவேர் கேட் கேட்டா போறார். ஒரு தொழிலாளி பிரதிநிதி கேக்கறார், நாங்க ஆலைய கைப்பத்தினா கட்சி என்ன பண்ணும்? உங்க கூட்டத்துல நீங்க ஜனநாயகமா முடிவு பண்ணினா கட்சி உங்க கூட நிக்கும், எல்லா உதவியும் தரும்னு பதில் சொல்றார். மறுநாளே பேப்பர்காரங்க எல்லாம் பெர்லிங்குவேர் ஆலைய பிடிக்கச் சொல்லிட்டார்னு கொதிச்சாங்க. அதே மறுநாள் ரோம்ல பிரதமரா இருந்த சொந்தக்காரர் கொஸ்ஸீகாவோட ஆட்சியும் கவுந்துச்சு.

போராட்டம் 35 நாள் நின்னுச்சு, தோத்துச்சு. அக்டோபர் 14 ஃபியட் மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் கூடவே நிறைய ஊழியர்களும் வேலைக்கு போக விடுன்னு டூரின் தெருவுல ஊர்வலம் போனாங்க, நாப்பதாயிரம் பேர் ஊர்வலம்னு பேரே வந்துடுச்சு. தொழிற்சங்கம் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுச்சு, வேலைநீக்கத்துக்கு பதிலா சுமார் 23 ஆயிரம் பேர லே-ஆஃப்ல வச்சாங்க, அதுல நிறைய பேர் திரும்ப ஆலைக்குள்ள கால் வைக்கவே இல்ல. தோல்விதான். ஆனா ஒரு கட்சித் தலைவர் ஜெயிக்குமா தோக்குமான்னு கணக்கு பாக்காம கேட்ல போய் நின்னார் பாருங்க, அந்த இடத்துலதான் 76லேருந்து 79 வரைக்கும் அறுந்து போன கயிறு திரும்ப முடிச்சு விழுந்துச்சு.

மில்கேட்:

இதுல உங்க கூட நான் இருக்கேன். என் அனுபவத்துல கேட் மீட்டிங்குக்கு தலைவர் வர்றதுன்னா போராட்டம் ஜெயிக்கிற மாதிரி இருந்தாத்தான் வருவாங்க. தோக்கப் போறது தெரிஞ்சும் வந்து நிக்கிறது வேற விஷயம், தொழிலாளி அத சாகற வரைக்கும் மறக்க மாட்டான்.

சிவப்புமை:

அடுத்தது ஒழுக்கப் பிரச்சனை. 1980 நவம்பர் 23 இர்ப்பீனியா பூகம்பம், கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் சாவு, அரசு உதவி போய் சேர நாள் கணக்கா ஆச்சு. அங்க போய் பாத்துட்டு வந்த பிறகுதான் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோட கூட்டுங்கற பேச்சையே விட்டுட்டு மாற்று ஆட்சிதான் வேணும்னு கட்சி திரும்புச்சு. 81 மே மாசம் பி2ங்கற ரகசிய ஃப்ரீமேசன் சங்கத்தோட உறுப்பினர் பட்டியல் வெளிய வந்துச்சு, மந்திரி, ராணுவத் தளபதி, உளவுத்துறை அதிகாரி, பத்திரிகை முதலாளின்னு 962 பேர். அந்த சூழ்நிலைல ஜூலை 28 லா ரெபுப்ளிகா பத்திரிகைல எவ்ஜேனியோ ஸ்கால்ஃபாரிக்கு கொடுத்த பேட்டில சொன்னார், கட்சிகள் இப்ப அரசியலே பண்றதில்ல, அதிகாரத்துக்கும் ஆள் சேர்க்கறதுக்கும் ஆன எந்திரமா மாறிடுச்சு, வங்கி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், டிவி எல்லாத்தையும் பங்கு போட்டு ஆக்கிரமிச்சிட்டாங்க, நாட்டோட மையப் பிரச்சனையே இதான்னார். அப்ப எல்லாரும் சாமியார் பிரசங்கம்னு ஒதுக்கினாங்க, அவர் கட்சிக்குள்ளயே ஜோர்ஜோ நாப்போலித்தானோ இது நம்மள தனிமைப்படுத்தும்னு வெளிப்படையா எதிர்த்து எழுதினார். 1992 பிப்ரவரி 17 மிலான்ல மாரியோ கியேஸாங்கற சோசலிஸ்ட் கட்சிக்காரர் லஞ்சப் பணத்தோட பிடிபட்டாரே, அதுலேருந்து ரெண்டு வருஷத்துல அந்த ஆளும் கட்சிகள் எல்லாம் அட்ரஸ் இல்லாம போச்சு. பதினோரு வருஷம் முன்னாடியே ஒரு ஆள் சொல்லிட்டார்.

கடலோரன்:

ஒண்ண மறைக்க கூடாது. பி.சி.ஐக்கு பல வருஷம் மாஸ்கோவிலேருந்து பணம் வந்துச்சு, அது ஆவணத்தோட நிரூபணமான விஷயம். ஒழுக்கம் பேசற கட்சி இதுக்கு பதில் சொல்லியாகணும்.

வைகைக்கரை:

வந்துச்சு, உண்மைதான். அத நிறுத்தற வேலைய ஆரம்பிச்சதும் பெர்லிங்குவேர் தலைமைதான். மாஸ்கோவோட அவர் உறவு போன பாதைய வரிசையா பாருங்க. 76 ஜூன்ல தேர்தலுக்கு முன்னாடி கொரியேரே பத்திரிகைக்கு கொடுத்த பேட்டில, நேட்டோ பக்கம் இருக்கறதுலதான் எனக்கு பாதுகாப்பா தோணுதுன்னார். 77 நவம்பர்ல அக்டோபர் புரட்சியோட 60ஆம் ஆண்டு விழா, கிரெம்ளின் மேடைல நின்னு ஜனநாயகம்ங்கறது வரலாற்றுப்பூர்வமா எல்லாருக்கும் பொதுவான மதிப்புன்னு பேசினார், சில நிமிஷப் பேச்சுதான். 81 டிசம்பர் போலந்துல ராணுவ ஆட்சி வந்ததும் டிவில உக்காந்து, அக்டோபர் புரட்சிலேருந்து கிளம்பின உந்துசக்தி தீர்ந்து போச்சுன்னு சொல்லிட்டார். மாஸ்கோ ஆதரவாளர் கொஸ்ஸூத்தா அத 'கிழிசல்'னு சொல்லி கட்சிக்குள்ளேயே சண்டைக்கு வந்தார். 73 அக்டோபர்ல பல்கேரியா தலைநகர் சோஃபியாவுல இவர் போன கார்ல ராணுவ லாரி மோதி மொழிபெயர்ப்பாளர் செத்து இவர் பொழைச்சது வேற இருக்கு, அது விபத்து இல்லன்னு அவர் சந்தேகப்பட்டதா கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான மக்காலூஸோ 1991ல சொன்னார். அது விபத்தா இல்லையான்னு இன்னைக்கும் முடிவாகல, ஆனா அந்த சந்தேகத்த மனசுல வச்சுக்கிட்டே அதுக்கப்புறமும் மாஸ்கோ போய் அவங்க முகத்துக்கு நேரா பேசியிருக்கார்.

புதுவாசகி:

எல்லாத்துக்கும் நன்றி. அவர் மேடைலயே விழுந்தார்னு படிச்சேன், அது எப்ப?

சிவப்புமை:

84 பிப்ரவரில ஆரம்பிக்கணும். அப்ப கிராக்ஸி பிரதமர். விலைவாசி ஏற ஏற சம்பளத்தோட சேர்ந்து ஏறுற பஞ்சப்படிய அவசரச் சட்டம் போட்டு வெட்டினார். பெர்லிங்குவேர் முழு மூச்சா எதிர்த்தார், மார்ச் 24 ரோம்ல தொழிலாளிங்க கூட்டம் அலைமோதுச்சு. மே மாசம் வெரோனால சோசலிஸ்ட் மாநாட்டுக்கு விருந்தினரா போனப்ப அரங்கமே விசில் அடிச்சு அவமானப்படுத்துச்சு, கிராக்ஸி அத தடுக்காம, எனக்கு விசில் அடிக்கத் தெரியாது அதனாலதான் அடிக்கலன்னு மேடையிலேருந்து சொன்னார்.

ஜூன் 7, பாதுவா, ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல் பிரசாரம். பேசிக்கிட்டிருக்கும்போதே மூளைல ரத்தக்கசிவு. வார்த்தை குழறுது, கைக்குட்டைய வாயில வச்சு துடைக்கிறார், கீழே ஜனங்க போதும் என்ரிகோ போதும்னு கத்தறாங்க. அவர் நிறுத்தல. வீடு வீடா, தெருத் தெருவா, ஆலை ஆலையா போய் வேலை பாருங்க தோழர்களேன்னு கடைசி வரைக்கும் சொல்லி முடிச்சிட்டுதான் இறங்கினார். நாலு நாள் நினைவில்லாம இருந்து ஜூன் 11 இறந்தார், வயசு 62. ஜனாதிபதி சாந்த்ரோ பெர்த்தினி, சோசலிஸ்ட், பாசிசத்துக்கு எதிரா துப்பாக்கி தூக்கினவர், தன் விமானத்துலயே உடல ரோமுக்கு கொண்டு போனார். 13ஆம் தேதி சான் ஜோவான்னி சதுக்கத்துல பத்து லட்சத்துக்கும் மேல ஜனம். நவ-பாசிசக் கட்சித் தலைவர் அல்மிரான்தே தனியா வரிசைல வந்து கட்சி ஆபீஸ்ல அஞ்சலி செலுத்தினார், ஜென்ம எதிரி. நாலே நாள் கழிச்சு ஓட்டுப்பதிவு, பி.சி.ஐ 33.3, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 33.0. நாடு தழுவின தேர்தல்ல கம்யூனிஸ்ட் கட்சி முதலிடம் வந்தது அந்த ஒரே தடவதான்.

கடலோரன்:

அது அனுதாப ஓட்டு தோழர். 87 பொதுத்தேர்தல்ல 26.6க்கு வந்துடுச்சே. 89 நவம்பர் 12 போலோன்யால அப்போதைய தலைவர் ஒக்கேத்தோ கட்சி பேர மாத்தலாம்னார், 91 பிப்ரவரி ரிமினி மாநாட்டுல கட்சியே கலைஞ்சு ரெண்டாச்சு. மாற்று ஆட்சின்னு சொன்னார் சரி, யாரோட சேர்ந்து? கிராக்ஸியோட பேச்சு இல்ல, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோட முடிஞ்சாச்சு. நேர்மையா இருந்தார், தனியா இருந்தார். அவருக்கு அப்புறம் வந்தவங்களுக்கு போறதுக்கு பாதை எதையும் விட்டுட்டு போகல, என் மனத்தாங்கல் அதான்.

சிவப்புமை:

அனுதாபம் இருந்துச்சு, மறுக்கல. ஆனா ஒரு கணக்கையும் பாருங்க. பஞ்சப்படி வெட்டுக்கு எதிரா அவர் தொடங்கின வாக்கெடுப்பு 85 ஜூன்ல நடந்துச்சு. பிரதமர் கிராக்ஸி தோத்தா ராஜினாமான்னு மிரட்டினார், சி.ஐ.எஸ்.எல், யூ.ஐ.எல்ங்கற மத்த ரெண்டு தொழிற்சங்கமும் எதிர்ப்பக்கம் நின்னுச்சு, முதலாளிகள் சங்கமும் அங்கதான், பெர்லிங்குவேர் செத்து ஒரு வருஷம் ஆச்சு. தோத்தோம், 54.3க்கு 45.7. கட்சியோட சொந்த ஓட்டு 30 சொச்சம்தானே, மீதி பதினஞ்சு பேர் எங்கேருந்து வந்தான்? பாதை இருந்துச்சு கடலோரன். அந்த ஜனங்கள கூட்டிட்டு போறதுக்குத்தான் பின்னாடி வந்த தலைமைக்கு மனசில்ல.

மில்கேட்:

இதுல நான் சிவப்புமை பக்கம், ஆனா முழுசா இல்ல. 77ல சிக்கனம் பேசாம இருந்திருந்தா 80ல மிராஃபியோரில அந்த நாப்பதாயிரம் பேர்ல பாதி பேர் நம்ம பக்கம் நின்னிருப்பான்னு இப்பவும் சொல்றேன். ஒக்கேத்தோ காலத்த பத்தி தனி இழை தொடங்குங்க, அதுக்கு இங்க இடம் பத்தாது.